திருகின் மேல் திருநீறு

கழுகுமலை முருகன்மேல் ஆணை, காலில் ஒட்டும் இந்தக் கரிசல் மண்மேல் ஆணை: கீழே உள்ளதில் ஒரு சொல் பொய்யில்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

விஜயதசமி. காலை ஏழு மணி. கோவில்பட்டிக்கு வெளியே கயத்தாறு சாலையில், தீப்பெட்டி ஆபீசாக இருந்து ஆய்வுக்கூடமாக மாறிய கட்டடம். வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது. மாரிச்செல்வி எஃகுக் கலத்தின் கண்ணாடி வழியே பச்சை லேசரை உள்ளே அடித்தாள். மீட்டரில் எண் ஏறவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செத்துக் கிடந்தது ஒரு ரூபாய் நாணயம் அளவுத் தகடு. ஆன்டிமனி, பொட்டாசியம், சீசியம் என்று ஆவியாகப் படியவைத்து, அதன்மேல் மெல்லிய தோல் ஒன்றை அவள் மாதக்கணக்கில் வளர்த்திருந்தாள். ஒளி பட்டால் எலக்ட்ரான் கக்கும். வடக்கே ஒரு துகள் முடுக்கிக்கு அதுதான் எலக்ட்ரான் ஊற்றாகப் போக இருந்தது. துளிக் காற்றுப் பட்டாலும் அதற்குச் சாவுதான். அதனால் கலத்துக்குள் வெற்றிடம். அதைக் காக்கும் பம்ப் இரவும் பகலும் நிற்கக் கூடாது.

முதலாளி பூவனலிங்கம் புகார் கொடுத்துவிட்டார்: மாரிச்செல்வி வேண்டுமென்றே வால்வைத் திறந்து கெடுத்தாள். வேலை போவது உறுதி, கைதும் ஆகலாம்.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் சுதாராணி வந்தார். வாசலில் ஆயுதபூஜைக்கு உடைத்த பூசணிக்காய் வாடை அடித்தது. உள்ளே ஒரு கருவி பாக்கியில்லாமல் திருநீற்றுப் பட்டை. பம்பின் மின்பெட்டியிலும் அகலமாக மூன்று கோடு. பம்பைப் போடவும் அணைக்கவும் நடுவிலிருந்த திருகின்மேல் மட்டும் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. சுதாராணி அதைக் குனிந்து பார்த்தார்.

“பூசை போட்டது யாரு?”

“நாந்தான் மேடம்,” என்றார் பூவனலிங்கம். “மெஷினுக்குப் பட்டை போடுதது எங் கைதான். வேற ஆளத் தொட விடமாட்டேன்.”

“அப்ப பம்ப் ஓடிச்சா?”

“ஓடிச்சு. அது நின்னா எல்லாம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

அடுத்து வாட்ச்மேன் கருத்தையா.

“நேத்து இந்தப் பிள்ள எப்பப் போச்சு?”

“மத்தியான பஸ்ஸுலயே குளத்தூருக்குப் போயிட்டும்மா. பூசை சாயங்காலந்தான். முடிஞ்சதும் மொதலாளியே பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாக. காலைல வந்து தொறந்ததும் அவியதான். பெறகுதான் இந்தப் பிள்ள வந்துச்சு.”

“நீ வந்து எதத் தொட்ட?”

“லேசரத்தாம்மா,” என்றாள் மாரிச்செல்வி. “பம்ப் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வாட்ச்மேன் அண்ணாச்சி பக்கத்துலயே நின்னாக. வளத்தவளே கொல்லுவேனா?”

சுதாராணி முதலாளியைப் பெட்டிமுன் நிறுத்தினார்.

“அண்ணாச்சி, நீங்க எப்ப வைஷ்ணவரானீங்க?”

“என்ன மேடம், காலங்காத்தால வெளையாடுதீங்க?”

“பெட்டியில பட்டை கெடக்கு. திருகுல மட்டும் நாமமா நிக்கே?”

சொல்லிக்கொண்டே திருகைக் கால் சுற்றுத் திருப்பி பம்பை அணைத்தார். மாரிச்செல்வி பதறி எழுந்தாள்; செத்ததை இன்னொரு தடவை சாகடிக்க முடியாதே என்று நினைத்தாளோ என்னவோ, உட்கார்ந்துவிட்டாள். திருகின் கோடுகள் படுத்துப் பெட்டியின் கோடுகளோடு பிசகாமல் சேர்ந்தன.

“பம்ப் அணஞ்சு கெடக்கும்போது பூசின பட்டை இது. பெறகு திருகவும் கோடு எந்திரிச்சு நின்னுட்டு. ஓடும்போது பூசி, அப்பறம் வேற யாராச்சும் அணைச்சுப் போட்டிருந்தா கோடு பழைய எடத்துக்கே வந்திருக்கும். பூசினது நீங்க. சாவி உங்க இடுப்புல. அணைச்சதும் நீங்க, விடிஞ்சதும் வந்து போட்டதும் நீங்க.”

பூவனலிங்கம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். “எங்க தீப்பெட்டி ஆபீசுல அன்னைக்கு ஒரு மெஷினும் ஓடாது மேடம். ஓடுததுக்குப் பட்டை போட்டா சாமி ஏத்துக்கிடுமா? ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன்.”

“பழிய மட்டும் இந்தப் பிள்ள தலையில கட்டினீங்க.”

பூவனலிங்கம் புகாரைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மாரிச்செல்விக்கு வேலை நிலைத்தது. தகடு பிழைக்கவில்லை. வெளியே மழை இறங்கிவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் புதுத் தகடு ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

அந்த மின்பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதில் எந்தக் காலத்திலும் திருகு இருந்ததில்லை, அமுக்குகிற பொத்தான்தான்.