ஒரு செடானின் வியாழக்கிழமை

கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, பின்னிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யாருக்காகக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறது என்று கவனிப்பார்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவதைப் போல, 2087-இல் இது எல்லாருக்கும் பழகிப்போன காரியம்.

அந்தக் காலத்துக் கார்களில் பிடித்துத் திருப்ப எதுவும் கிடையாது. காரைத் தானே ஓட்டும் ஓட்டறிவு என்று ஒன்று இருந்தது. கைக்குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வரும். அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே வளரும். மூன்று வருடத்தில் வீட்டாரின் போக்குவரத்து மொத்தமும் அதற்கு மனப்பாடமாகிவிடும். விற்கும்போது அதை அழித்துவிட்டால் என்ன என்று ஆரம்பத்தில் யோசித்தார்கள். அழித்தும் பார்த்தார்கள். அழிக்கப்பட்ட கார்கள் முட்டுச்சந்துகளில் நாள் முழுக்கச் சுற்றின. இரண்டு கார்கள் நேராக வாய்க்காலில் இறங்கின. அதன் பிறகுதான் ஓட்டறிவை அழிக்கக்கூடாது என்றும், வாங்குபவருக்கு ஒரு முழுப் பழக்க ஓட்டம் காட்டியே ஆகவேண்டும் என்றும் சட்டம் வந்தது. விற்றவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர் எங்கெல்லாம் போய்வந்தார் என்பதைக் காரே சொல்லிவிடும். புதுக் குடும்பத்தோடு பழகப் பழகப் பழையது ஆறு மாதத்தில் மங்கிவிடும் என்பது ஒரு ஆறுதல்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருமூர்த்தியும் கோகிலவாணியும் மறுவிற்பனை மையத்துக்குப் போனது அப்படி ஒரு பழக்க ஓட்டத்துக்காகத்தான். ஆபீசுக்கு லீவு போட்டிருப்பதாகத் திருமூர்த்தி மனைவியிடம் சொல்லியிருந்தார். அதில் ஒரு சின்னச் சிக்கல். அவருக்கு ஆபீசே இல்லை.

இருபத்தாறு வருடம் ஒரு பம்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். வார்ப்பை ஒரு சிறு சுத்தியலால் தட்டுவார். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். பதினோரு மாதங்களுக்கு முன்னால் தொழிற்சாலைக்குச் செவிப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அது தட்டாமலேயே கண்டுபிடித்தது. திருமூர்த்திக்கு ஒரு சால்வை போர்த்தி, விலகல் தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீட்டில் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை இன்னும் வரவில்லை. தினமும் எட்டே முக்காலுக்கு டை கட்டிக்கொண்டு, சோற்றுப் பையோடு கிளம்புவார். மூடிக்கிடக்கும் ஒரு பஞ்சாலை வளாகத்தில் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் தன் இரண்டு இருக்கைக் காரை நிறுத்திவிட்டு, சாயங்காலம்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அவரைப் போல வேறு ஆட்களும் அங்கே வருவதுண்டு.

கோகிலவாணிக்கு நடுத்தர அளவில் ஒரு குடும்பச் செடான் வேண்டும். மகள் யாழினி விடுதியிலிருந்து வந்தால் மூன்று பேரும் ஒன்றாக எங்கேயும் போக முடிவதில்லை என்பது அவள் சொன்ன காரணம். அடுக்ககத்தில் இன்னமும் இரண்டு இருக்கைக் கார் வைத்திருப்பது அவர்கள் மட்டும்தான் என்பது சொல்லாத காரணம். வாங்கினால் மிச்சமிருக்கும் விலகல் தொகை முழுவதும் முன்பணமாகப் போய்விடும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். காரிலேயே ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவது ஒன்றுதான் திருமூர்த்திக்கு இருந்த வழி. அது அவருக்குத் தெரிந்த தொழிலும்கூட.

கார் புதுச் சாயத்தில், மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று நின்றது. பார்த்த மாத்திரத்தில் கோகிலவாணியின் முகம் மலர்ந்துவிட்டது. திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். அடிச்சட்டத்தைத் தட்டினார். சக்கரங்களைத் தட்டினார். குனிந்து, படுத்து, தவழ்ந்து தட்டினார். எங்கே தட்டினாலும் சுத்தமான நாதம். குறை இல்லாத ஒரு பொருளைப் பார்த்து அவர் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கதவு ரொம்பக் கனமா இருக்குதே?" என்றார்.

"உள்ளே பாதுகாப்புக் கவசம் இருக்கிறது ஐயா," என்றது தரகுப்பொறி. இடுப்பளவு உயரம், பேச்சுக்குப் பேச்சு கைகூப்பும்படி செய்யப்பட்ட பொறி அது.

"டிக்கி சின்னதா இருக்குது."

"இரண்டு அரிசி மூட்டையும் ஒரு சக்கர நாற்காலியும் தாராளமாகக் கொள்ளும் ஐயா."

திருமூர்த்தி பின்பக்கம் தலையை நுழைத்துப் பார்த்தார். சன்னல்களுக்குத் திரைச்சீலை, சோற்றைச் சூடாக்கும் சிறு பெட்டி, கட்டிலைப் போல முழுக்கச் சாயும் வலப்பக்க இருக்கை. அந்த இருக்கையைக் கையால் அழுத்தியதும் அவருக்கு உயிர் வந்தது.

"ஓடினது இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டருன்னு போட்டிருக்குது. இந்த ஒரு இருக்கை மட்டும் ஏன் இப்படி அமுங்கிக் கிடக்குது? ஓட்டத்துக்கும் தேய்மானத்துக்கும் கணக்கு ஒத்து வரலியே?"

"அமர்ந்திருந்த நேரத்தை வாகனத் துறை தேய்மானமாகக் கருதுவதில்லை ஐயா," என்று கைகூப்பியது பொறி.

"ஏனுங்க," என்றாள் கோகிலவாணி, "நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, வழக்குப் போட வந்தீங்களா? பேசாம ஏறுங்க."

ஏறினார். அமுங்கிய இருக்கை அவர் பங்குக்கு வந்தது. முன்பக்கம் தரகுப்பொறி உட்கார்ந்துகொண்டது. அவருக்கு இன்னும் ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. விற்றவனுக்கு ஏதாவது கெட்ட பழக்கம் இருக்கவேண்டும். கார் நேராக ஒரு மதுக்கடை வாசலில் போய் நின்றால் போதும், கோகிலவாணி அங்கேயே இறங்கிவிடுவாள்.

கார் நேராக ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் போய் நின்றது. ஒரு சுற்று சுற்றி வரும் நேரம் அமைதியாகக் காத்திருந்தது. கோகிலவாணி உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து ஒரு பள்ளிக்கூட வாசல். இடப்பக்கக் கதவு திறந்தது. அரை நிமிடம் கழித்து மூடியது. மூடிய பிறகும் கார் உடனே நகரவில்லை. குழந்தை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. அதன் பிறகு ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடம். அங்கே கதவு திறந்ததும் கார் பேசியது.

"சாப்பாட்டுப் பை உள்ளே இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்."

"அந்தம்மா இங்க இறங்கிக்குது போல," என்றாள் கோகிலவாணி. "புருசன்கிட்ட தினமும் சொல்லிச் சொல்லி வண்டிக்கே மனப்பாடம் ஆயிருச்சு பாருங்க. எவ்வளவு நல்ல குடும்பம்! இனி அவரை ஆபீசுல விட்டா முடிஞ்சுது."

திருமூர்த்தி பெருமூச்சு விட்டார். ஊரில் இத்தனை ஆயிரம் குடிகாரர்கள் இருக்கும்போது, தனக்கென்று வந்து வாய்த்தது ஒரு உத்தமனின் கார்தானா என்று நொந்துகொண்டார்.

பரிசோதனைக்கூடத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் அலுவலகங்கள். கார் இடது பக்கம் திரும்பியது. அந்த வழியில் எத்தனை வேகத்தடை என்பது திருமூர்த்திக்குத் தெரியும். பதினான்கு. மூன்றாவது வேகத்தடையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாவதில் எல்லாம் புரிந்துவிட்டது.

"போதும்," என்றார். "வண்டி அருமையா இருக்குது. இதையே எடுத்துக்கலாம். திரும்பச் சொல்லு."

கோகிலவாணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் நொட்டை சொல்லிப்போட்டு இப்ப என்ன திடீர்னு?"

"அதான் எடுத்துக்கலாம்னு சொல்றேனே! இங்கயே கைரேகை வெச்சுத் தர்றேன். வண்டியைத் திருப்பச் சொல்லு."

"மன்னிக்க வேண்டும் ஐயா," என்றது தரகுப்பொறி. "பாதியில் நிறுத்தினால் ஓட்டம் செல்லாது. நாளைக்கு முதலிலிருந்து போகவேண்டி வரும்."

கதவுகள் பூட்டியிருந்தன. திருப்பவோ மிதிக்கவோ எதுவும் இல்லை. பிரேக் என்று ஒன்று இருந்த காலத்தில் பிறக்காமல் போய்விட்டோமே என்று அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினான்காவது வேகத்தடையைத் தாண்டி, பஞ்சாலையின் கதவில்லாத வாசலுக்குள் நுழைந்தது. மரத்தடியில் வரிசை வரிசையாகக் கார்கள் நின்றன. இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து நின்றது. திரைச்சீலைகள் தாமாக இழுத்துக்கொண்டன. திருமூர்த்தியின் இருக்கை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. மனைவியின் பக்கத்தில் அவர் மல்லாந்து கிடந்தார்.

"இதென்னங்க இடம்?" என்றாள் கோகிலவாணி.

"வண்டி வழக்கமாகக் காலை ஒன்பது பத்திலிருந்து மாலை ஐந்தரைவரை இங்கே நிற்கும் அம்மா," என்றது பொறி.

"இங்க அவருக்கு என்ன வேலை?"

"வேலை ஒன்றும் இல்லை அம்மா."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கொதித்துப்போனாள். "அடப்பாவி! அந்தம்மா சோறு கட்டிக் குடுத்து அனுப்புது, இவன் இங்க வந்து படுத்துத் தூங்கியிருக்கான்! இப்படியும் ஒரு மனுசன் பொண்டாட்டியை ஏமாத்துவானா? நீங்களே சொல்லுங்க."

அவர் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சன்னலை யாரோ தட்டினார்கள், கண்ணாடி இறங்கியது. பக்கத்துக் காரின் செல்வநாயகம், டையைத் தளர்த்திவிட்டு, கையில் டீயோடு திரையை விலக்கிப் பார்த்தார்.

"என்னங்க திருமூர்த்தி, இன்னைக்கு லீவுன்னு சொல்லிப்போட்டு வந்து நிக்கறீங்க? இதுல வந்திருக்கீங்க? இந்த வண்டிக்காரர் இப்பெல்லாம் நடந்தில்ல வர்றாரு…" என்று குனிந்தவர், உள்ளே கோகிலவாணியைப் பார்த்ததும் பேச்சை விழுங்கிவிட்டுத் தன் காருக்குள் மறைந்தார்.

தரகுப்பொறிகூடக் கைகூப்பவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

"பதினோரு மாசம்."

"நான் கட்டிக் குடுத்த சோறெல்லாம்?"

"இங்கதான். இந்த மரத்தடியில."

கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருமூர்த்திக்கும் கண் கலங்கியது. ஆனால் உள்ளே எதுவோ லேசானது. இனிமேல் காலையில் டை கட்டவேண்டாம். கார் வாங்கவேண்டாம். வீட்டிலேயே இருந்து, சூடாகச் சாப்பிட்டு, வேறு ஏதாவது பிழைப்புக்கு வழி பார்க்கலாம். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவள் திரைச்சீலையை விலக்கி வெளியே பார்த்தாள். ஒரு வரிசையைப் பார்த்தாள். அடுத்த வரிசையைப் பார்த்தாள். அவள் முதுகு நிமிர்ந்தது.

"அந்த வெள்ளை வண்டி… ஆறாவது மாடி சுபத்ரா வீட்டு வண்டியில்ல?"

திருமூர்த்தி மறுபடியும் கூரையைப் பார்த்தார். அங்கே பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்பது அந்த மரத்தடியின் எழுதாத சட்டம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?" இந்தத் தடவை அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"அவ வீட்டுக்காரரு எனக்கும் முன்னாடியே வந்துட்டாரு. ஒரு ஒண்ணரை வருசம் இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க! ஏரியா மேனேஜர், ஏரியா மேனேஜர்னு அவ லிஃப்டுல நின்னு அளப்பா. நானும் வாயைப் பொளந்து கேட்டுட்டு நிப்பேன். இதை மறைக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

வேலை போனதை மறைத்ததற்குக்கூட அவள் இவ்வளவு கோபப்படவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தாள். இந்தத் தடவை சற்று நிதானமாக, முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தாள்.

"அது நீளமா இருக்குதே?" என்று தரகுப்பொறியிடம் கேட்டாள்.

"அது பெருஞ்செடான் அம்மா. இதைவிட ஒரு படி மேல். கால் நீட்ட ஒரு முழம் இடம் அதிகம். கூரையும் திறக்கும்."

"உங்ககிட்ட இருக்குதா?"

"ஒன்று இருக்கிறது அம்மா. தவணை மட்டும் இரண்டு வருடம் நீளும்."

திருமூர்த்தி எழுந்து உட்காரப் பார்த்தார். இருக்கை நிமிர மறுத்தது. அதன் பழக்கப்படி ஐந்தரைக்குத்தான் நிமிரும். படுத்தபடியே, "கோகிலா, எனக்கு வேலையே இல்லை," என்றார். "நமக்கு எந்த வண்டியும் வேண்டாம். நான் வீட்டிலயே இருந்துக்கறேன்."

"அதான் தெரிஞ்சுபோச்சே, திருப்பித் திருப்பி எதுக்குச் சொல்றீங்க? வேலை போனது வேற விசயம். ஒன்பது மணிக்கு எல்லாரும் கிளம்பும்போது நீங்க மட்டும் வீட்டில இருந்தா என்னன்னு சொல்றது? இங்க வந்து நின்னாலும் அந்த வண்டிக்குப் பக்கத்துல போய் இதுல நிப்பீங்களா? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

தரகுப்பொறி கைகூப்பிவிட்டு, பெருஞ்செடானின் முன்பதிவுக்குக் கைரேகைத் தகட்டை நீட்டியது. கோகிலவாணி அதை வாங்கிக் கணவரின் கட்டைவிரலுக்குக் கீழே பிடித்தாள். திருமூர்த்தி தலையை மட்டும் திருப்பிச் சன்னல் வழியே பார்த்தார். அவள் பயப்படுகிற அந்த நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். நாலு பேர் என்ன, நூற்று முப்பது பேர் இருந்தார்கள். டையும் சோற்றுப் பையுமாக ஆளுக்கொரு காருக்குள், தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று திரையை இழுத்து மூடிக்கொண்டு, ஒருவர்கூட வெளியே பார்க்காமல் படுத்திருந்தார்கள்.