தகரக் கூரையில் காய்ந்த தகடுகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சிறு ஆலையின் ஆய்வறையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள்: மேலாளர் வெங்கடேசன், ஆய்வாளர் பூமிகா, அவள் மாமனார் அரசப்பன், காவலாளி நாகமுத்து, துப்பறிவாளர் சத்யா, அவர் உதவியாளன் மோகன்ராஜ். சத்யாவை அழைத்து வந்தவர் அரசப்பன். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை.

மேசைமேல் விரல் நீளத் தகடுகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, எலும்பு கூடியபின் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் தகடுகள். அரசப்பனின் காலில் வைத்த எஃகுத் தகட்டை எடுக்க இரண்டாம் முறை அறுத்திருந்தார்கள். மருமகள் செய்யும் வேலையின் அருமையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சனிக்கிழமை நேரா இருந்துச்சு. இன்னைக்கு எல்லாம் வளைஞ்சிருக்கு," என்றார் வெங்கடேசன். "அசலை ஆந்திராவுல இருக்கற போட்டிக் கம்பெனிக்குக் குடுத்துட்டு போலியை வெச்சிருக்காங்க. அலமாரிச் சாவி பூமிகா கையில. ராஜினாமா எழுதட்டும், போலீசு வேணாம்."

"எழுதினா ஒத்துக்கினதா ஆயிடும்," என்றார் அரசப்பன். "எங்க ஊட்டுப் பொண்ணு எழுத மாட்டா."

பூமிகா தலை நிமிர்ந்தே நின்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

சத்யா ஒரு தகட்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மெல்லிய துருக்கோடு. அலமாரிக்குள் மழைநீர்க் கறை.

"மட்டமான போலிதான், மேடம்," என்றான் மோகன்ராஜ்.

"போலி செய்யறவன் நேராத்தானே செய்வான், மோகன்? பார்த்ததும் மாட்டிக்கவா செய்வான்?"

அவர் வெளியே நடந்தார். எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். சைக்கிள் கொட்டகையின் தாழ்ந்த தகரக் கூரையில் நாகமுத்துவின் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில், தகரத்தின் பள்ளத்தில், சத்யா தகட்டை வைத்தார். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

அறைக்குத் திரும்பியதும், மாதிரிக்கென்று தனியே வைத்திருந்த நேரான தகட்டை வாங்கி, பிளாஸ்கிலிருந்த கொதிநீரில் போட்டார். எடுத்தபோது அது இடுக்கியில் துவண்டது. ஆறியதும் வளைந்தபடியே இறுகியது.

"இதுதான் அசலோட குணம். சூட்டுல இளகும். வெளிய எதுவும் போகல, சார். நாகமுத்து அண்ணே, மாத்துச் சாவி உங்ககிட்டதானே?"

நாகமுத்து துண்டைக் கையில் எடுத்தார். "சனிக்கிழமை ராத்திரி மழைல கூரை ஒழுகிச்சி, மேடம். தட்டெல்லாம் நனைஞ்சிகினு கெடந்துச்சி. பழவேற்காட்ல எங்களுக்கு எது நனைஞ்சாலும் வெயில்தான். அந்தம்மா பாடுபட்டது வீணாப் பூடுமேன்னு ஞாயித்துக்கிழமை காய வெச்சேன். சாய்ங்காலம் பார்த்தா நெளிஞ்சிகினு இருந்துச்சி. பயந்து சொல்லல."

"மாத்துச் சாவி இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு," என்றார் வெங்கடேசன்.

"என் தகட்டையும் நெத்திலியோட சேர்த்துட்டீங்களே, அண்ணே," என்றாள் பூமிகா. அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "சூடு ஆகாதுன்னு நானும் சொல்லி வெச்சிருக்கணும். கலவை மிச்சம் இருக்கு, மாமா. புதுசா வார்த்துடலாம். தகட்டுச் சோதனை நிக்காது."

அரசப்பன் வெங்கடேசனைப் பார்த்தார். "திருடின்னு எத்தினி பேர் காதுல போட்டீங்களோ, அத்தினி பேர் முன்னால தப்புன்னு சொல்லுங்க, சார்."

வெங்கடேசன் ஆலைக்குள் போய், இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னும் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் அரசப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரசப்பனின் மருமகள் எலும்புத் தகட்டை ஆந்திராக்காரனுக்கு விற்றாள் என்று அவர் ஊரான பள்ளிப்பட்டுப் பக்கம் இன்றும் சிலர் சொல்கிறார்கள். பொய். ஒரு தகடுகூட ஆலையின் வாசலைத் தாண்டவில்லை. வளைத்தது வெயில்.