மூன்றே நாளில் செத்த டர்போ

காலை 10.20. பாலாநகர் ஒர்க்‌ஷாப்பில் ராகவேந்திராவின் ஸ்கூல் வேன் செத்துக் கிடந்தது. இன்ஜினுக்குப் புது டர்போவும் அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் புது பைப்பும் மாட்டி மூன்றே நாள். எண்ணெய் போகாமல் டர்போ காய்ந்து இறுகிவிட்டது.

டர்போ கம்பெனியின் வாரண்டி இன்ஸ்பெக்டர் அலமு நுழையும்போதே ரகளை.

“பைப் போல்ட்டுக்குள்ள பேஸ்ட்டை அப்பி அடைச்சிட்டான், படுபாவி!” மெக்கானிக் தேவராஜின் மேல் பாய்ந்தார் ராகவேந்திரா. “போலீஸுக்குப் போறேன்!”

முதலாளி வெங்கடகிருஷ்ணன் அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். “ஸ்பானரை எடுத்துக்கிட்டு கெளம்புடா. இந்த ஏரியாவுல இனிமே ஒருத்தனும் உன்னைச் சேக்க மாட்டான்.”

“நான் பேஸ்ட்டே தொடமாட்டேன் மேடம். ஒழுகாம இருக்க காப்பர் வாஷர்தான் போடுவேன்.” தேவராஜ் ஆத்திரத்தோடு முன்னால் வந்தார்.

கத்துகிறவர்களைக் கண்டாலே அலமுவுக்கு ஆகாது. டார்ச்சை எடுத்துக் குனிந்தாள்.

10.35. பைப் மூட்டின் வெளிப்புறம் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். போல்ட் தலையிலும் பைப்பிலும் மஞ்சள் பெயின்ட் கோடு. இரண்டு பாதியும் ஒட்டாமல் விலகி நின்றன.

“இது என்ன கோடு?”

“முறுக்கி முடிச்சதும் நான் போடறது மேடம். அப்புறம் யாராச்சும் திருப்பினா காட்டிக்குடுத்துடும்.”

“மூணு நாளும் ராத்திரி வண்டி எங்கே நின்னுது?”

“கைக்கு, எதுக்கு இதெல்லாம்?” ராகவேந்திரா எரிந்து விழுந்தார். “மல்காஜ்கிரியில என் வீட்டு கேட்டுக்குள்ள. சாவி என் பாக்கெட்டுல.”

அலமு போல்ட்டைக் கழற்றினாள். எண்ணெய் போகிற அதன் ஓட்டையை அடைத்துக்கொண்டு சிவப்புப் பேஸ்ட்.

“பாத்தீங்களா! சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க சார், அதான் வம்பே. வெளியில பேஸ்ட் பொட்டுக்கூட இல்லை. போல்ட்டை இப்பத்தான் நான் கழட்டறேன். உள்ளே இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அலமு போல்ட்டை அவர் முன்னே நீட்டினாள்.

“கோடு விலகியிருக்கு. தேவராஜ் மாட்டினதுக்கப்புறம் போல்ட்டைக் கழட்டியிருக்காங்க. சாவியோ உங்ககிட்ட. ஒழுகுதுன்னு நீங்களே பேஸ்ட் பூசினீங்க. வெளியே பிதுங்கினதைத் துடைச்சுட்டீங்க, உள்ளே பிதுங்கினது எண்ணெயை மறிச்சுடுச்சு.”

“ஹவ், ஆமா… ரெண்டு சொட்டுதான் ஒழுகிச்சு. இங்க கொண்டுவந்தா ட்ரிப் போயிடும்னு…”

“அதுக்கு இவர் ஜெயிலுக்குப் போகணுமா? வெட்கமா இல்லை?” வாரண்டி கிடையாது என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். “சரி விடு தேவராஜ். டர்போவைக் கழட்டி வேற மாட்டு.”

தேவராஜ் ஸ்பானர்களைப் பையில் அள்ளிப் போட்டார்.

“நக்கோ மொதலாளி, வேணாம். ஒன்பது வருஷம் உங்ககூட இருந்தேன், என்னை ஒரு வார்த்தை கேக்கலை. நீங்களே மாட்டிக்குங்க.”