ஸ்பெயின் தேசத்துக் கதைக்கு உம் கொட்டியவள்

மேனாம்பேட்டில் அந்த வீட்டின் பூட்டைத் திறந்துவிட்ட பழைய பேப்பர் கடை ரவிச்சந்திரன், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அக்கா, எல்லாப் புக்குக்கும் அட்டையக் கிழிச்சிட்டுக் கட்டு போட்டுடு. உள் ரூம்ல தோல் அட்டை போட்டது ஒண்ணு கீது. அத்த மட்டும் தொடாத. ஸ்பெயின் தேசத்துல குதிரை வீரன் கதையாம். நானூறு வருசத்துக்கு முந்தி அச்சடிச்சது. லைப்ரரிகாரங்க நாளைக்கு வந்து எட்த்துக்குவாங்க."

"யாரு ஊடு இது?"

"ஹேமநாதன்னு ஒரு வாத்தியாரு. ஒண்டிக்கட்டை. செத்து எட்டு நாள் கழிச்சி, நாத்தம் வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. இன்னா, பயமா கீதா?"

"உசுரோட கீறவனுங்களுக்கே பயந்ததில்ல. நீ போய்யா."

கன்னியம்மாளுக்கு இருபது வருஷமாக இதே வேலை. அட்டையோடு போட்டால் காகித ஆலையில் எடுக்கமாட்டார்கள். புத்தகத்தின் முதுகுப் பக்கம் முழங்காலை வைத்து ஒரே இழுப்பு. அட்டை தனியாக வந்துவிடும். புருஷன் செத்த பிறகு பதினோரு வருஷம், வேலை முடிந்து போனால் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துத்தான் சோறு. அதுவும் இன்றோடு சரி. நாளைக்கு ஆவடியில் மகள் ரோஷினியின் குவார்ட்டர்ஸுக்குப் போகிறாள். பேத்தி பிறந்து நாற்பது நாள் ஆகிறது. இனிமேல் வீட்டில் மனிதச் சத்தம் இருக்கும்.

மூன்று மணிக்கே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. கதவோரம் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தாள்.

உள் அறையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தாள். பாஷை புரியவில்லை. ஆனாலும் கதை என்று தெரிந்தது. குரல் ஏறியது, ஓடியது, எதையோ கண்டு தயங்கியது. பிறகு நின்றது.

சின்ன வயதில் செங்கல் சூளையில் கல் சுமக்கும்போது கிழவர்கள் கதை சொல்வார்கள். கேட்பவர்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். சுமை கனக்கத் தொடங்கும். அந்தப் பழக்கம். கை வேலையில் இருந்தது, வாய் தானாகச் சொன்னது.

"ம்."

குரல் தொடர்ந்தது.

அவள் கை நின்றது. கரண்ட் இல்லாமல் டிவி எப்படிப் பேசும்? டிவி எதற்கு இவள் பதிலுக்குக் காத்திருக்கும்?

எட்டிப் பார்த்தாள். மேசைமேல் தோல் அட்டைப் புத்தகம் திறந்து கிடந்தது. ஆளில்லாத நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு நாற்றம்.

ஒரு தாள் புரண்டது. அதன் மூலையில் எச்சில் ஈரம்.

செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

மறுநாள் ரவிச்சந்திரன் போனில் சிரித்தான். "இன்னாக்கா, வாத்தியாரு தொரத்தினாரா? புக்க எட்த்துகினு போய்ட்டாங்க. நிம்மதியா பேத்திய கொஞ்சு."

அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் ரோஷினி பிள்ளையைத் தொடவிடுவாளா?

மூன்றாம் நாள் மத்தியானம். மகள் அசந்து தூங்கினாள். கன்னியம்மாள் தூளிக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் வாசனை வந்தது.

விட்ட இடத்திலிருந்து கதை ஆரம்பித்தது. ஏறியது, ஓடியது.

நின்றது.

கன்னியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சொல்லக் கூடாது. யாரும் உம் கொட்டாத கதை எத்தனை நேரம் நிற்கும்? பாவம், ஒருத்தரும் இல்லாமல் செத்த மனுஷன். ஆனாலும் சொல்லக் கூடாது.

காத்திருந்தது.

காத்திருந்தது.

வாசனை மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது. அவள் மூச்சை விட்டாள்.

தூளிக்குள்ளிருந்து, தெளிவாக, "ம்" என்று கேட்டது.

வாசனை திரும்பி வந்தது. இந்த முறை குரல் தணிந்திருந்தது, குழந்தைக்குச் சொல்வதுபோல.