மரச்சீனி விளையில் துள்ளிய மீன்

பாறசாலை சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது ஸ்ரீகுமாரியின் அலுவலகம். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகக் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள்; இந்த அம்மாள் துப்பறியும் நிறுவனம் தொடங்கிவிட்டார். வருகிற வழக்குகளில் பாதி, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது. மீதி, காணாமல் போன ஆடு. வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பிய அகிலேஷ் அவருக்கு உதவியாளர். நாற்பது வயதாகியும் அந்த மனிதருக்கு எந்த ஆடு காணாமல் போனாலும் அதன் பின்னால் ஒரு பெரிய கும்பல் இருந்தே ஆக வேண்டும்.

அன்று காலை படியேறி வந்த பெண் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்க பேரு ஜெம்மா, அக்கா. குளத்தூர் கடப்புறம். மீன் விக்கேன். கடல் எங்க வீட்ட எடுத்த பிறகு ஒரு பழைய ஐஸ் கம்பெனி கெட்டிடத்துலயாக்கும் கெடக்கோம். எனக்க மக லிஷாவுக்கு இழுப்பு. அந்த ஈரத்துல பிள்ளைக்கு மூச்சு ஏறவும் மாட்டேங்கு, எறங்கவும் மாட்டேங்கு."

"மெதுவா சொல்லு, மக்கா."

"எங்க எல்லாருக்கும் வீடு கெட்டித் தர தனுவச்சபுரம் போற வழியில சர்க்கார் ஒரு நெலம் பாத்து வச்சிருக்கு. மரச்சீனி நட்ட விளை. திட்டக்குழு அத கோடையில பாத்து சரின்னு சொல்லிட்டு. போன வாரம் மறுபடி பாக்க வந்தா, முட்டளவு வெள்ளம். அதுல மீன் வேற துள்ளுது. ஈரநிலத்துல வீடு கெட்ட விதி இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. நாளைக்கு கடைசியா ஒருக்கா வாறாவ. அப்பவும் இப்படியே கெடந்தா எங்களுக்கு வர வேண்டிய வீடு வேற பஞ்சாயத்துக்குப் போயிரும்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரோ வேணும்னு செஞ்சதாக்கும். போன வாரமே இங்க வந்திருப்பேன். அப்பா வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

அகிலேஷ் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார்.

கீழே ஜெம்மாவின் ஸ்கூட்டர் நின்றது. பின்னால் மீன் பெட்டி. அதைக் கட்டியிருந்த பட்டை நடுவில் அறுந்து, பச்சை நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. எல்லா முடிச்சும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஸ்ரீகுமாரி அதைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தைச்சது?"

"அப்பா. வல தைக்குற மாதிரியே எல்லாத்தயும் தைப்பாரு. ஒரு முடிச்சு போனாலும் மத்தது நிக்கும் பாருங்க."

"நல்ல தையல்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீகுமாரி காரில் ஏறிக்கொண்டார்.

அகிலேஷ் விளையோரம் காரை நிறுத்தினார். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் சோமனின் சிமென்ட் பிளாக் கம்பெனி, நடுவில் குளம் மாதிரி தண்ணீர். அதற்குள் மரச்சீனி, அதாவது மரவள்ளிச் செடிகள் முட்டளவு மூழ்கி நின்றன. ஸ்ரீகுமாரி ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னார். கிழங்கு நுனியில் மட்டும் லேசாக அழுகியிருந்தது. உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஈரநிலம்னா மரச்சீனி வெளையவே செய்யாது. இந்த வெள்ளம் வந்து ரெண்டு வாரம் கூட ஆவல்ல" என்றார். "மழ வெள்ளம் எது வழியா வெளிய போவும்?"

ரோட்டுக்கு அடியில் ஒரு கலுங்கு இருந்தது. விளையில் விழும் மழை அதன் வழியாகத்தான் அந்தப் பக்கத்துச் சானல் கால்வாய்க்குப் போக வேண்டும். அகிலேஷ் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கலுங்கின் வாயில் கையை விட்டுத் துழாவியவர், மூச்சுப் பிடித்து ஒரு மூட்டையை வெளியே இழுத்தார். சிமென்ட் சாக்கு, உள்ளே செம்மண். ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் பல அடுக்கியிருந்தன.

"பிளாக் கம்பெனி சாக்கு, அக்கா. வேலியோரம் இதே சாக்கு குவிஞ்சு கெடக்கு பாருங்க. சோமனாக்கும் ஆள்."

சாக்கின் வாய் பச்சை நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஸ்ரீகுமாரி அதை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜெம்மா எங்கே நிற்கிறாள் என்று பார்த்தார். அவள் தூரத்தில், ஸ்கூட்டர் பக்கம், யாரிடமோ போனில் மகளுக்கு மருந்து கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத இருந்த இடத்துலயே வையும், அகிலேஷ்."

"தடயத்த ஏன் உள்ள வைக்கச் சொல்றிய?"

"நாளைக்கு எல்லாரும் பாக்கணும்லா."

சத்தம் கேட்டு சோமன் வேலிக்கு வந்தார். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத ஆள். இந்த ஊரில் அது நல்ல குணமா கெட்ட குணமா என்று இன்னும் முடிவாகவில்லை. "நான் ஒண்ணும் செய்யல்ல. ஆனா சந்தோசமாக்கும். அவ்வளவு பேரு இங்க வந்து குடியேறினா நான் எப்படி நிம்மதியா தொழில் செய்ய?" என்றார். அவருடைய கம்பெனி வாசலில் ஒரு பெரிய மீன் தொட்டியும் இருந்தது. அதில் சிலோப்பி மீன் வளர்த்தார். அகிலேஷ் அந்தத் தொட்டியையும் ஸ்ரீகுமாரியையும் மாறி மாறிப் பார்த்தது, வழக்கே முடிந்துவிட்டது போலிருந்தது.

ரோட்டோரம் இன்னொரு கார் வந்து நின்றது. நிலத் தரகர் ரதீஷ். இந்த விளையை வாங்கி ஒரு ஆடிட்டோரியம் கட்ட அவர் ரொம்ப நாளாக அலைகிறார் என்பது ஊருக்கே தெரியும். "வீடு வரல்லன்னா நமக்கு ஒரு வழி உண்டு" என்று சிரித்துவிட்டுப் போனார். அகிலேஷுக்குத் தலை சுற்றியது. ஒரே வழக்கில் இரண்டு வில்லன்களை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஸ்ரீகுமாரி அகிலேஷின் தலையிலிருந்த துண்டை வாங்கித் தண்ணீரில் வீசி ஒரு மீனைப் பிடித்தார். வெள்ளிபோல் மின்னும் நீண்ட உடம்பு, தட்டையான தலை. சிலோப்பி அல்ல, வராலும் அல்ல. கணம்பு. அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்.

சாயங்காலம் அவர் மட்டும் கடற்கரைக்குப் போனார். ஜெம்மாவின் அப்பா யேசுவடியான் தன் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். வலது கைப் பெருவிரல் இல்லை. எப்போதோ வலைக் கயிற்றில் சிக்கிப் போனது. இடது கையில் ஊசி ஓடியது.

"புது வீடு வருதாமே, சந்தோசந்தானா?" என்று ஸ்ரீகுமாரி கேட்டார்.

"வீடு கிட்டினா இந்தக் கரைய சர்க்காருக்கு எழுதிக் குடுக்கணும். விதியாம்." அவர் நிமிரவில்லை. "திட்டக்குழு கூட்டத்துக்கு நானும் போனேன். அவ்வளவு பேரும் வீட்டுக்குள்ள கக்கூசு எங்க, ரோடு எத்தன அடின்னு பேசினாவ. வள்ளம் எங்க வைக்கன்னு ஒரு ஆளு பேசல்ல."

"விளையப் போய்ப் பாத்தியளா?"

"நான் என்னத்துக்கு அங்க போறேன்? இதுவரை மிதிச்சதில்ல."

வலையின் முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஸ்ரீகுமாரி அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வழியில் காரை நிறுத்தி ஜெம்மாவுக்குப் போன் செய்தார்.

"மக்கா, ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுட்டு. நாளைக்கு அத சொன்னா உனக்கு வலிக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, விட்டிருவேன்."

மறுமுனையில் பிள்ளை இருமுவது கேட்டது.

"எனக்க பிள்ளைக்கு வீடு வேணும், அக்கா" என்றாள் ஜெம்மா. "யாரா இருந்தாலும் சொல்லுங்க."

மறுநாள் திட்டக்குழுத் தலைவி விமலகுமாரி உறுப்பினர்களோடு வந்தார். கடப்புறத்துக் குடும்பங்கள் ரோட்டில் நின்றன. யேசுவடியானும் நின்றார். சோமனும் ரதீஷும் வேலியோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அகிலேஷ் மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கலுங்கு பாதி திறந்ததும் தண்ணீர் சலசலவென்று சானலுக்கு ஓட ஆரம்பித்தது. விமலகுமாரி முகம் சுளித்தார்.

"அப்போ யாரோ அடைச்சிருக்காவ. யாரு?"

"நான் ஒண்ணும் செய்யல்ல" என்றார் சோமன், யாரும் கேட்கும் முன்பே.

"நீங்க செய்யல்ல" என்றார் ஸ்ரீகுமாரி அமைதியாக. "சாக்கு ஒங்களோடது, உண்மதான். வேலியோரம் கெடந்தா யாரு வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா ஒங்க பிளாக் கம்பெனியும் இதே தாழ்ச்சியில ஆக்கும். இந்த விளைய ஈரநிலம்னு எழுதினா அடுத்த நோட்டீஸ் ஒங்களுக்கு வரும். இல்லியா, மேடம்?"

விமலகுமாரி தலையசைத்தார். சோமனின் சந்தோஷம் அந்த இடத்திலேயே வற்றிப் போயிற்று.

"ரதீஷும் இல்ல. ஈரநிலத்துல வீடு கெட்டக் கூடாதுன்னா ஆடிட்டோரியமும் கெட்டக் கூடாது. விளை வேணும்னு நெனைக்குற ஆளு அத ஈரநிலம் ஆக்க மாட்டான். இத செஞ்ச ஆளுக்கு இந்த விளை வேண்டாம். இங்க யாரும் வீடு கெட்டக் கூடாது, அவ்வளவுதான்."

"பின்ன மீன்?" என்று அகிலேஷ் கேட்டார்.

"அதாக்கும் நானும் யோசிச்சது. மேடம், ஒரு இடம் ஈரநிலமான்னு முடிவு செய்ய நீங்க மீன் பாப்பியளா?"

"மீன் எதுக்கு? மண்ணு, செடி, வெள்ளம் எவ்வளவு காலம் நிக்குது, இதுதான் பாப்போம்."

"அப்போ மீன் தேவையில்ல. ஆனாலும் ஒருத்தரு செரமப்பட்டு கொண்டு வந்து விட்டிருக்காரு. வெள்ளம்னா அதுல மீன் கெடக்கணும், இல்லன்னா யாரும் நம்ப மாட்டாவன்னு அவருக்குத் தோணியிருக்கு. விவசாயிக்கு அப்படித் தோணாது. கொண்டு வந்தது கணம்பு. ஆறு கடல்ல சேருற பொழியில கெடைக்குற மீன். மழ வெள்ளத்துல கொஞ்ச நாள் பிழைக்கும், ஆனா இந்த விளைக்கு தானா வந்து சேர வழி இல்ல. சோமன் செஞ்சிருந்தா பக்கத்துல தொட்டி நெறைய சிலோப்பி உண்டு. இது கடப்புறத்து ஆளு செஞ்ச வேல."

ரோட்டில் நின்ற கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஸ்ரீகுமாரி அதற்கு மேல் பெயர் சொல்லவில்லை. ஒரு மூட்டையை நிமிர்த்தி, அதன் வாய் தெரியும்படி வைத்தார்.

ஜெம்மா குனிந்து பார்த்தாள். பச்சை நூல். தையலுக்குத் தையல் தனி முடிச்சு, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தவை. அவள் தன் ஸ்கூட்டரில் இருந்த பெட்டியின் பட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் மறைக்க முயலவில்லை.

"கரைய எழுதிக் குடுத்துட்டா வள்ளத்த எங்க வைப்பேன், மக்கா?" என்றார் யேசுவடியான். "இங்க இருந்து பாத்தா கடல் என்ன நெறம்னு தெரியுமா? அது தெரியாம எப்படி தொழிலுக்குப் போவ? கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். பிறகு பாக்கலாம்னு சொல்லி உக்காரச் சொன்னாவ." கடைசி வார்த்தைகளை அவர் விமலகுமாரியைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேட்டது எனக்கு நல்ல ஞாபகம் உண்டு" என்றார். "வீட்டு விதிய மட்டும் பாத்தோம், வள்ளத்த நெனைக்கல்ல. அது எங்க தப்பு. கரைய எழுதி வாங்குற விதிய அடுத்த கூட்டத்துல மறுபடி எடுக்கேன். மாத்திருவோம்னு வாக்கு தர எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா இந்த விளை ஈரநிலம் இல்ல. அத இன்னைக்கே எழுதுறோம்."

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, ஜெம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ராத்திரி பிள்ளைய நெஞ்சுல சாச்சு உக்காந்தே உறங்குறது ஒங்க கண்ணுக்கு முன்னாலதான?" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அப்பா. கரைக்கு வேண்டி நானும் ஒங்ககூட நின்னு கத்தியிருப்பேன்."

கலுங்கில் இன்னும் சில மூட்டைகள் மிச்சம் இருந்தன. தண்ணீர் முழுதாக வடியவில்லை. அகிலேஷ் இறங்கப் போனார். ஸ்ரீகுமாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஜெம்மா சேலையைச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். முதல் மூட்டை கனத்தது, கரையேற்ற முடியவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டால் தூக்கலாம் என்று அதன் வாயைப் பிடித்து இழுத்தாள். தையல் அசையவில்லை. இன்னொருமுறை இழுத்தாள், விரல் வலித்தது. பிறகு கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்து அவுத்துத் தாங்க அப்பா" என்றாள். "ஒங்க முடிச்சு எனக்கு அவுக்க வராது."

அவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, மகளின் பக்கத்தில் குனிந்து, இடது கையால் முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.