நிறைவுற்ற ஊர்

கித்தேரி அழக் கூடாது என்று சம்மனசுபுரம் ஊர்க்கூட்டம் ஒருமனதாக முடிவெடுத்தது. அவளுடைய மகளைக் கடல் கொண்டுபோன அன்று மாலையே கோயில் முற்றத்தில் கூடி எடுத்த முடிவு அது. ஊர்க் கமிட்டித் தலைவர் சந்தியாகு அதை அவளிடம் சொல்ல வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மனசக் கல்லாக்கிக்க கித்தேரி. நீ அழுதன்னா எல்லாம் எறங்கிரும். மார்கழிக் கணக்கெடுப்பு முடியுற மட்டும் தாங்கிக்க. ஒம் மவளுக்காகத்தான் சொல்லுதேன்."

கித்தேரி வலது காதின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். பொட்டு சுட்டது.

பொட்டு என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் அதை அவாமானி என்றது. அரிசி மணி அளவே உள்ள அந்தக் கருவியைப் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே காதின் பின்னால் பதித்துவிடுவார்கள். அந்த மனிதருக்கு என்ன வேண்டும், அது எவ்வளவு வேண்டும் என்பதை அது இரவும் பகலும் அளந்து தலைநகருக்கு அனுப்பும்; ஆசை ஏற ஏறச் சுடும். அங்கே பெருங்கூட்டி என்று ஒரு எந்திரம், நாட்டு மக்கள் அத்தனை பேரின் ஆசைகளையும் மார்கழிதோறும் கணக்கெடுத்துக் கூட்டி, எந்த ஊருக்கு எந்தத் திட்டம் என்று தீர்மானிக்கும். ஓட்டு, மனு, ஊர்வலம் எதுவும் தேவையில்லை. முன்பெல்லாம் யாருக்குப் பேச வாய் இருந்ததோ, யாருக்கு அலுவலகத்தில் ஆள் தெரிந்ததோ, யாருக்கு வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் நிற்க முடிந்ததோ அவர்களுக்குத்தான் சாலையும் விளக்கும் வந்தன. இப்போது மந்திரியின் ஆசைக்கும் வலை இழுப்பவனின் ஆசைக்கும் ஒரே எடை. இதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அறிவித்த அன்று மேடையிலேயே கண்ணீர் விட்டார்களாம்.

எடை ஒன்றுதான். ஆசைப்படுவதுதான் ஒன்றாக இல்லை. கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்தவர்கள் தீயாக ஆசைப்பட்டார்கள். தலைநகரின் மாளிகைத் தெருக்களில் ஏக்கப் பயிற்சியாளர்கள் காலை மாலை வகுப்பெடுத்தார்கள். கடலைப் பார்த்தபடி நடக்க வாசனை நடைபாதை வேண்டும் என்று அங்கே ஒருவன் நினைத்தால் அவன் பொட்டு தகித்தது. சம்மனசுபுரத்துக்காரர்கள் மூன்று தலைமுறையாகத் தூண்டில் வளைவு கேட்டவர்கள். கரையிலிருந்து கடலுக்குள் பாறைகளைக் கொட்டிக்கொண்டே போய் முனையை வளைத்துவிட்டால் அலை அதில் மோதித் தளர்ந்துவிடும், கரை அரிக்காது. அவ்வளவுதான் கேட்டார்கள். வரவில்லை. ஆண்டுதோறும் கடல் கொஞ்சம் உள்ளே வந்தது, அவர்கள் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். வேண்டும் என்று நினைக்கவே மனசு அசந்துபோயிற்று. அந்த ஊரின் பொட்டுகளைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு தடவை இளவட்டங்களின் பேச்சைக் கேட்டு ஊரே போய் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது. கத்தினார்கள், அழுதார்கள், ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கினார்கள். ஊர்ப் பொட்டுகளின் மொத்தச் சூட்டைக் காட்டக் கோயில் முற்றத்தில் ஒரு திரை உண்டு; மறுநாள் அதில் சூடு பாதியாக இறங்கியிருந்தது. வட்டார அவா அலுவலர் நிரஞ்சனா அப்போதுதான் பணியில் சேர்ந்த பெண், பொறுமையாக விளக்கினாள். மனதில் இருப்பதை வாயால் கொட்டினால் சூடு ஆறிவிடும், ஆறின பிறகு பெருங்கூட்டிக்குத் தெரிய வழியில்லை, ஆகவே கொட்ட வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து ஊர் வாயை மூடிக்கொண்டது.

பிறகுதான் ஜொவிட்டா. பதினாறு வயது. ஆடி மாதத்துக் காலையில் வீட்டுக் கடைக்கோடியில் நின்று குடம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓர் அலை வந்து திரும்பியது. அவள் நின்ற இடத்து மண் அதோடு போயிற்று. குடம் கிடைத்தது, அவள் கிடைக்கவில்லை. அன்று நண்பகல் முற்றத்துத் திரை இதுவரை யாரும் கண்டிராத சிவப்பில் எரிந்தது. பெற்றவர்கள் இருவரின் சூடு மட்டுமே அது. திரை சூட்டை மட்டும்தான் காட்டும். எதன்மேல் ஆசை என்பது அந்த மனிதருக்கும் பெருங்கூட்டிக்கும் இடையே உள்ள இரகசியம் என்று சட்டம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லித் தெரிய வேண்டுமா என்று ஊர் நினைத்தது. வளைவு இருந்திருந்தால் பெண் இருந்திருப்பாள். பெற்றவள் வேறு எதைக் கேட்பாள்?

இப்படித்தான் அந்த வீட்டில் ஒப்பாரி இல்லாமல் போனது. துக்கம் கேட்க வந்த பெண்களைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். பூசையில் சாமியார் ஜொவிட்டாவின் பெயரை வாசிக்கவில்லை. அவள் துணிமணிகளையும் படத்தையும் சந்தியாகு வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கித்தேரியின் கண் லேசாகக் கலங்கினால் போதும், பக்கத்து வீட்டு லீத்தியாள் ஓடிவந்து சாளை மீன் விலையைப் பற்றியும் நாத்தனாரின் கொழுப்பைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசுவாள். பேசிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தேம்புவாள். அவள் பொட்டு ஆறினால் ஊருக்கு நஷ்டமில்லை.

கித்தேரி தாங்கினாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை, தண்ணீரை ஊற்றித் தள்ளினாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ வீங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. அது உடைந்தால் வளைவு வராது, அடுத்த வீட்டுப் பிள்ளையும் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊர் அவளை நம்பியிருந்தது. காலையில் தொழிலுக்குப் போகிறவர்கள் திரையின் சிவப்பைப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் அவள் புருஷன் வஸ்தியான் கடலிலிருந்து திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் நெற்றி தெளிந்திருந்தது, தோள் தளர்ந்திருந்தது, வந்தவுடன் பசிக்கிறது என்றான். கித்தேரி அவன் காதின் பின்னால் கையை வைத்தாள். ஆறியிருந்தது.

"என்னால முடியலளா" என்றான். "எஞ்சினப் போட்டுட்டு, அந்தச் சத்தத்துல அழுதுட்டேன். பேரச் சொல்லிக் கூப்புட்டு அழுதேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. ஊர்தான் திட்டியது. அவள் அவனுக்குச் சோறு போட்டாள், அவன் தின்பதைப் பார்த்தாள், அப்படி அவள் வாழ்க்கையில் யார்மீதும் பொறாமைப்பட்டதில்லை. அன்று முதல் அவன் பக்கத்தில் படுக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் மகளைக் கூப்பிட்டு அழுதுவிட்டான். அவளுக்கு இன்னும் அந்தப் பெயரைச் சொல்லக்கூட உத்தரவில்லை.

மார்கழிக் கணக்கெடுப்பு முடிந்தது. தை பிறந்ததும் நிரஞ்சனாவே வந்து சொன்னாள். சம்மனசுபுரத்துக்கு ஒரு கடற்கரைத் திட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள், என்ன திட்டம் என்ற உத்தரவு அதற்கான சாமான்களோடு வரும். ஊர் வெடி போட்டது. சந்தியாகு கித்தேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நீ அழலாம் தாயி என்றார். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வந்தது. அவளுக்கு வரவில்லை. கண்ணைத் தேய்த்துப் பார்த்தாள், நெஞ்சில் அடித்தும் பார்த்தாள். பழகாத வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாசியில் லாரி வந்தது. பாறை ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்த ஊருக்கு முன்னால் ஒரே ஒரு லாரி நின்றது. அதிலிருந்து கறுப்புக் கண்ணாடிப் பீடம் ஒன்றை இறக்கி, கித்தேரி வீட்டின் கடைக்கோடியில், அலை தொடும் ஓரத்தில் ஆழமாகப் பதித்தார்கள். நிரஞ்சனா பொத்தானை அழுத்தினாள். பீடத்தின் மேல் ஜொவிட்டா நின்றாள். ஒளியால் ஆனவள். அதே பச்சைப் பாவாடை, அதே நெளிந்த கூந்தல், கடலைப் பார்த்துச் சிரித்த முகம். மாளிகைத் தெருக்காரர்கள் தங்கள் முன்னோர்களுக்கு விரும்பிப் பெற்ற ஒளியுருத் திட்டம் அது. பெருங்கூட்டியின் திட்ட வரிசையில் அதுவும் ஒன்று.

நிரஞ்சனா உத்தரவை வாசித்தாள். இந்த வட்டாரத்தில் பதிவான ஆக வலிமையான விருப்பம், மகளை அவள் நின்ற இடத்திலேயே மறுபடி பார்க்க வேண்டும் என்பது. அது நிறைவேற்றப்பட்டது.

சந்தியாகு பீடத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் கித்தேரியைப் பார்த்தார்.

"நீ வளைவக் கேக்கலியா கித்தேரி?"

"நான் எம் புள்ளயத்தான கேட்டேன்" என்றாள் அவள். "ஒனக்கு என்ன வேணும்னு யாரும் என்னையக் கேக்கலியேண்ணே."

அதைச் சொல்லும்போதே உடைந்தது. மணலில் விழுந்து, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி, குரல் போகும்வரை அழுதாள். அவளைக் குறை சொல்ல வந்தவர்கள் அவளோடு சேர்ந்து அழுதார்கள். ஊரின் துக்கமும் ஏமாற்றமும் ஒரே பகலில் கொட்டித் தீர்ந்தது. மாலையில் முற்றத்துத் திரை வெளுத்துக் கிடந்தது. பெருங்கூட்டி, மாநிலத்திலேயே ஆசை அடங்கிய ஊர் இதுதான் என்று கண்டு, சம்மனசுபுரத்தை நிறைவுற்ற ஊர் என்று அறிவித்தது. நிறைவுற்ற ஊரின் பொட்டுகளைப் பத்தாண்டுக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கித்தேரிக்கு அது பற்றிக் கவலை இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் அந்தப் பங்குனியிலும் சித்திரையிலும் சந்தோஷமாகவே இருந்தாள். காலையில் எழுந்ததும் மகளிடம் போய் நிற்பாள். கூந்தலைக் கோதப் போவாள். விரல் ஒளிக்குள் போய் வெளியே வரும், அதனால் என்ன என்று மறுபடி கோதுவாள். வஸ்தியானும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான். இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஆடி வந்தது. முதல் நாள் பெரிய அலை பீடத்தின் காலைக் கழுவிவிட்டுப் போனது. மறுநாள் பீடத்தின் அடியில் கை நுழையும் அளவுக்கு மண் போயிருந்தது. கித்தேரி மண்டியிட்டு அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. வளைவு இல்லாத கரையில், அதே ஆடியில், அதே மூலையில் மகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். காதின் பின்னால் பொட்டு கொதித்தது. இந்தத் தடவை அவளுக்கு வேண்டியது தூண்டில் வளைவு மட்டும்தான். உலகத்தில் யாரும் எதையும் அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

பஸ் ஏறி வட்டார அலுவலகத்துக்குப் போனாள். நிரஞ்சனா எழுந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க சூடு எனக்குத் தெரியுதும்மா. இந்த மாதிரி ஒரு அளவை நான் பாத்ததே இல்ல. ஆனா நிறைவுற்ற ஊரைப் பெருங்கூட்டி எடுத்துக்காது."

"அது எடுத்துக்கிட வேண்டாம் மேடம். நீங்க எடுத்துக்கிடுங்க. அதுக்குத்தான் வாயால சொல்லுதேன். எங்க ஊருக்குத் தூண்டில் வளைவு வேணும்."

நிரஞ்சனா நல்ல பெண். அவள் கண் நிறைந்துவிட்டது. மேசையில் இருந்த எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். அளப்பதற்கு அங்கே ஆயிரம் வழி இருந்தது; ஒருத்தி வந்து சொன்னதை வாங்கி வைக்க இடமில்லை.

"சொன்னதை எங்க போடுறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

கித்தேரி திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வஸ்தியான் மீன் சாக்குகளில் மணலை அள்ளிப் பீடத்தைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்க அடுக்கக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. லீத்தியாளும் சந்தியாகுவும் இன்னும் சிலரும் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்திருக்கும். எதையும் சேர்ந்து செய்து வெகுகாலம் ஆகிவிட்டது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தூரத்தில் ஓர் அலை மற்றவற்றைவிட உயரமாக எழுந்து வந்தது. பீடம் கடல் பக்கமாக ஒரு விரல் சாய்ந்தது. ஜொவிட்டா அதே சிரிப்போடு நின்றாள். கித்தேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஏளா ஜொவிட்டா, அங்க நிக்காத. உள்ள வாளா."