சோளத்துக்குச் சூடு படல!

"பொய்ய்ய்...!"

செத்துப்போன லாரி டிரைவர் செங்கோடனின் மனைவி கலைமணி போட்ட அலறலில் சூரமங்கலத்து உலோகச் சோதனைக் கூடமே அதிர்ந்தது.

"எங்கூட்டுக்காரரு வண்டியில தூங்க மாட்டாருங்க! ரெண்டு பேரைக் கொன்னுட்டுச் செத்தவன்னு ஊரே காறித் துப்புதுங்க!"

லாரி ஓனர் முருகானந்தம் அலுத்துக்கொண்டார். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றும் ஆள்.

"இந்தா கலைமணி... செங்கோடன் தூங்கிப்போட்டான். டீக்கடையில போயி மோதுனான். மோதுன வேகத்துல முன் ஆக்ஸில் ஒடைஞ்சுது. அவ்வளவுதான்!"

இன்ஸ்பெக்டர் கயல்விழி திரும்பினாள்.

"வெண்ணிலா மேடம், மோதி ஒடைஞ்சுதா... இல்ல, ஒடைஞ்சதால மோதுச்சா?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள் உலோக நிபுணர் வெண்ணிலா.

"ஒடைஞ்ச எடத்தைத் தேய்ச்சு, ஆசிட் போட்டுப் பார்த்தேன். கிரெய்ன் எல்லாம் ஊதிப் பெருத்துக் கெடக்கு. நல்லா சூடு பட்டிருக்கு!"

முருகானந்தம் துள்ளி எழுந்தார்!

"ஏனுங்க மேடம், அநியாயமாப் பேசாதீங்க! பண்ணைக்காரன் எம்மேல கேஸ் போடறதுக்கா? சோளத்துக்கு ஒரு பொட்டு சூடு படல! பொறி பட்டுரும்னுதான் எருமப்பட்டியில அத்தனை மூட்டையும் எறக்கி வெச்சுப்போட்டு வெல்டிங்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"வெல்டிங்கா?" கயல்விழி சிரித்தாள். "இங்கே யாரும் அந்தப் பேச்சையே எடுக்கலையே சார்!"

"அ... அது வந்துங்க... கிரெய்னுன்னு சொன்னாங்களே, சோள மணியத்தான் சொல்றாங்கன்னு..."

"நான் சொன்னது இரும்போட கிரெய்ன்," என்றாள் வெண்ணிலா. "இரும்புக்குள்ளயும் மணி மணியா இருக்கும். வெல்டிங் சூட்டுல அது ஊதும். ஊதுன மணிக்கு நடுவுல விரிசல் விடும். ஆக்ஸில்ல வெல்டிங் வெக்கவே கூடாது. நீங்க வெச்சு, மேல பெயின்ட்டும் அடிச்சிருக்கீங்க. ஓடும்போதே ஒடைஞ்சிருச்சு."

பாவி மனுஷன்! அந்த ஆக்ஸிலோடுதான் செங்கோடனை ஓட்டச் சொல்லியிருக்கிறார்.

கலைமணி எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

"சோளத்தைப் பத்திரமா எறக்கி வெச்சீங்களே... எங்கூட்டுக்காரரை ஏனுங்க எறக்கி வுடல?"



வாசலில் கயல்விழி ஜீப் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க சார்... போற எடத்துல சோளம் கெடைக்காது. களிதான்!"